மெல்லிசையும் மரபடையாளமும்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தைச் சார்ந்தது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டுள்ளார். இராமனது வழிபாட்டின் பொருட்டுத் தோன்றியது எனத் தலபுராணம் கூறும் இராமதீர்த்தம் பாறை முகட்டினின்று வீழ்கின்றது. குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்பனவும் உள. சிவத்தலமே எனினும் இது திருப்புகழ்த் தலமுமாகும். பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைப் பாடியுள்ளார்.

மாசித் திருவிழாக் காலத்து ஒரு நாள் யாம் இம்மலை ஏறினோம். எமக்கு முன்னே இளைஞர் சிலர் கைப்பேசியில் பாட்டொலிக்க ஏறிக்கொண்டிருந்தனர். முருகன்மேல் அமைந்த பாட்டு, விரைந்த தாளம், மேனாட்டு இசைக்கருவிகள் நிரம்பிய மெல்லிசை. அவர்தம் நடையும் அத்தாளத்தோடு ஒத்து இருந்தது. ‘இம்மலைக்கென்றே ஒரு பாட்டு உண்டு, அறிவீர்களா?’ என்று வினவினோம். ‘தெரியாதுங்க ஐயா, எந்தப் படத்துல?’ என்றார் ஒருவர். அவ்வினாவில் கேலி இல்லை. அறியும் விருப்பமே இருந்தது. அவ்விருப்பம் எம்மைச் சிந்திக்க வைத்தது. கையில் இருந்த பாட்டு அவ்விளைஞரை மலைக்கு அழைத்து வந்ததா? அன்றி, மலைக்குரிய பாட்டை அவர்தம் செவியினின்று மறைத்ததா? இரண்டும் உண்மையாயின் எது பெரிது?

காலத்துக்கேற்ற மெல்லிசை, இளையோரிடத்து அவர்தம் சமயத்தையும் மொழியையும் பற்றிய அடையாள உணர்ச்சியை வலுப்படுத்துமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். இவ்வினா தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பல நாடுகளிற் சிதறி வாழ்ந்து, வாழும் நாட்டு மொழியையும் இசையையும் ஏற்றுக்கொண்டே தம் சமயத்தைக் காத்துவந்த யூதர், எம்மினும் நெடுங்காலமாக இதனை எண்ணி வருகின்றனர். ஆதலின் அவர்தம் பட்டறிவை முதற்கண் நோக்கிப் பின்னர் நம்மிடம் வருதல் நலம். அதற்கும் முன்னதாக, அடையாளம் என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும்.

அடையாளம் என்னும் சொல்

இக்காலத்தார் ‘அடையாளம்’ என்னும் சொல்லை, ஒருவன் தன்னை இன்னான் என உணர்தலும் உணர்த்தலுமாகிய பொருளில் வழங்குகின்றனர். பழைய வழக்கில் அச்சொல் ஒருவர் தாமே அறிவித்துக் கொள்ளும் ஒன்றைக் குறித்திலது. ஒருவர் மற்றொருவரை ஐயமற அறிந்துகொள்ளுதற்குரிய குறி என்பதே அதன் பொருள். இதற்குச் சிறந்த சான்று பெரியாழ்வார் திருமொழியில் உளது. மூன்றாம் பத்தின் பத்தாம் திருமொழி முழுவதும் அனுமன் சீதையிடம் கூறும் கூற்றாக அமைந்தது. வில் இறுத்தது, சீதை மல்லிகை மாலையாற் கணவனைப் பிணித்தது, குகனோடு தோழமை கொண்டது, சித்திரகூடத்திற் பரதன் வந்து பணிந்தது, காகத்தின்மேற் படை விடுத்தது, பொன்மான் பின் சென்றது என்று நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்து, ஒவ்வொன்றையும் ‘அடையாளம்’ எனச் சுட்டிச் செல்கின்றான். மோதிரம் இவற்றிற்கெல்லாம் பின்னரே காட்டப்படுகின்றது.

இம்முறைவைப்புக் கருதத்தக்கது. மோதிரம் முதலில் வந்திருப்பின் அது வெறும் பொன், களவாகவும் வந்திருக்கலாம், அரக்கர் மாயையாகவும் இருக்கலாம். நினைவுகள் முதலில் மொழியப்பட்டமையால் மோதிரம் மெய்ம்மை பெற்றது. கேட்ட சீதையும் அவை ஒத்திருக்கக் கண்ட பின்னரே அதனைத் தலைமேல் வைத்து மகிழ்கின்றாள். கம்பரும் உருக்காட்டு படலத்தில் இம்முறையையே பின்பற்றுகின்றார். காடு செல்லப் புறப்பட்டபோது நகர்வாயில் கடக்குமுன்னே ‘காடு எங்கே’ எனச் சீதை வினவியது போன்ற செய்திகளை அனுமன் சொல்லி முடித்த பின்னரே கணையாழி வெளிப்படுகின்றது.

இதனால் மூன்று பெறப்படும். அடையாளத்திற்குப் பொருள் வேண்டும். அப்பொருளோடு இணைந்த நினைவு வேண்டும். அந்நினைவு ஒத்திருப்பதை உணரவல்லார் ஒருவர் வேண்டும். மெல்லிசைப் பாட்டு மோதிரம் போன்றது. அதனோடு நினைவும், உணர்வாரும் உளரா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

யூதர் தரும் சான்றுகள்

அமெரிக்க யூதருள் டெபி பிரீட்மன் என்னும் பெண்மணி (1951–2011) இத்துறையில் முதன்மையாக எண்ணத்தக்கவர். 1970களில் அந்நாட்டு நாட்டார் மெல்லிசை நடையில், கித்தாரை மீட்டி, வழிபாட்டு உரைகளுக்கு இவர் புதுமெட்டு அமைத்தார். இளையோர் கோடை முகாம்களில் அப்பாட்டுகள் பரவின. முகாமிற் பாடியவர் வீட்டிலும் வழிபாட்டிடத்திலும் பாடினர். பிணியாளர்க்காக வேண்டும் எபிரேய வழிபாட்டுரையை ஆங்கிலத்தோடு விரவி இவர் அமைத்த பாட்டு, தொழுகைக் கூடங்கள் பலவற்றில் வழிபாட்டின் பகுதியாகவே ஆயிற்று. முகாம்ப் பாட்டென்று எள்ளியோர் உளர். எனினும் இவர் மறைந்த பின், வழிபாட்டு இசைஞரைப் பயிற்றும் ஈப்ரு யூனியன் கல்லூரியின் இசைப்பள்ளி இவர் பெயராலேயே வழங்கலாயிற்று. இவருடைய பாட்டுகளின் இயல்பு யாது? அவை கூடிப் பாடுதற்கென அமைந்தவை. எளிதிற் பற்றிக்கொள்ளத் தக்கவை. பாடுவாரும் கேட்பாரும் வேறல்லர்.

இனி, இதற்கு மாறான சான்று ஒன்று. மத்திசியாகு என்னும் அமெரிக்கப் பாடகர் 2005ஆம் ஆண்டையொட்டிப் பெரும்புகழ் உற்றார். யமைக்கா நாட்டு ரெகே இசையில், வைதிக யூதர்க்குரிய தாடியும் கருப்பு உடையும் பூண்டு மேடையேறினார். யூத இளைஞர் பலர் தம் சமயக்கோலம் பெருமேடையில் விளங்கக் கண்டு மகிழ்ந்தனர். 2011ஆம் ஆண்டு திசம்பரில் அவர் தாடியை மழித்தார்; அக்கோலத்தைத் துறந்தார். அவர் தம் வழியே செல்ல அவருக்கு உரிமை உண்டு. அதனைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. ஆயின் ஒருவருடைய கோலத்தின்மேல் தம் பெருமித உணர்ச்சியை ஏற்றி வைத்த இளைஞர்க்கு அக்கோலம் நீங்கியபோது எஞ்சியது யாது என்பது கேட்கத்தக்கது. பிரீட்மனது பாட்டு, பாடியவர் மறைந்த பின்னும் பிறர் வாயில் வாழ்கின்றது. மத்திசியாகுவின் கோலமோ அவர் ஒருவரோடே நின்று ஒருவரோடே நீங்கியது. முன்னையது வாய்க்கு வந்த இசை. பின்னையது கண்ணுக்குக் காட்சியாக நின்ற இசை.

மூன்றாம் சான்று நமக்கு அண்மையது, ஒருவகையில் நம்முடையதுமாம். ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் சோசப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவர்க்கு அஞ்சுவண்ண உரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அம்மரபினராகிய கொச்சி யூதர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டனர். அவர்தம் மகளிர் திருமணத்திலும் விழாக்களிலும் பாடும் மலையாளப் பாட்டுகளைக் கையேடுகளில் எழுதி, தாய் மகளுக்கு எனக் கைமாற்றி வந்தனர். விவிலியக் கதைகளும், தொழுகைக் கூடங்களின் வரலாறும், மணமக்களுக்கு வாழ்த்தும் அவற்றின் பொருள். உலகின் பெருங்கலைஞர் எவரும் அவற்றைப் பாடிலர். வீட்டுப் பெண்டிர் பாடினர். அதுவே அவற்றின் காவலாயிற்று.

1950களில் அம்மக்களுட் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அடுத்த தலைமுறையினர்க்கு எபிரேயமே வழக்குமொழியாயிற்று. இசுகரியா சக்கரியா, ஓபிரா கம்லியேல் என்னும் இருவர் அப்பாட்டுகளைத் தொகுத்து 2005ஆம் ஆண்டில் எருசலேமில் வெளியிட்டனர். அந்நூலின் மலையாளப் பெயர் ‘கார்குழலி’ என்பது. தமிழர் எவர்க்கும் உரை வேண்டாத சொல் அது. பெரியாழ்வார் பதிகத்தின் தொடக்கத்திலும் சீதை கரிய குழலுடையாளாகவே விளிக்கப்படுகின்றாள். ஆயின் அந்நூல் எபிரேய மொழிபெயர்ப்போடு வெளிவர வேண்டியிருந்தது. பாட்டியின் பாட்டுப் பேர்த்திக்கு விளங்க மொழிபெயர்ப்பு வேண்டிய நிலை அது. பாட்டு எஞ்சியது, மொழி அகன்றது. யூதர் என்னும் உணர்ச்சி அம்மக்களிடத்துக் குன்றிற்று என எவரும் கூறார். கொச்சி யூதர் என்னும் தனி அடையாளமோ இன்று அப்பாட்டுகளைத் தேடிக் கற்பாரையே பெரிதும் சார்ந்து நிற்கின்றது.

தமிழ்நிலம் தரும் சான்றுகள்

இவ்வளவில் தமிழுக்கு வருவோம். புதுமெட்டைக் கண்டு புலவர் தயங்குதல் நமக்குப் புதிதன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடியபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன்கண் இலக்கண வழுக்கள் உள்ளமை நோக்கிச் சிறப்புக் கவி அளித்தற்குத் தயங்கினார். பின்னர் பாரதியார் உருகிப் பாடியதைக் கேட்டுத் தாமும் உருகி அளித்தார். இதனை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். பிள்ளையவர்கள் இலக்கணத்தைக் கைவிட்டாரல்லர். இலக்கணம் அளக்கவியலாத ஒன்று அப்பாட்டில் உண்டு என ஏற்றுக்கொண்டார். இன்றைய மெல்லிசையை ஆராய்வார்க்கும் அந்நடுவுநிலை வேண்டும்.

திருப்புகழின் வரலாறும் இங்குப் பயன்படும். ஏடுகளிற் சிதறிக் கிடந்த பாடல்களை வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர்தோறும் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். அச்சில் ஏறியமை ஒன்றாலேயே திருப்புகழ் மக்களிடம் சென்றுவிடவில்லை. வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950) அதனைக் கூட்டமாகப் பாடும் வழக்கமாக்கினார். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளைத் துரைமாரைக் கண்டு வணங்கச் செல்வோரைத் திருத்தணிக்குத் திருப்பி, படிதோறும் திருப்புகழ் பாடி ஏறச் செய்தவர் அவர் என்ப. பிற்காலத்தில் தில்லியில் ஏ. எஸ். இராகவன் என்பார் திருப்புகழுக்கு இராகமும் தாளமும் அமைத்து, பலர் ஒருங்கு பாடும் முறையைப் பயிற்றினார். அவர்வழிப் பயின்ற திருப்புகழ் அன்பர்கள் தமிழகத்துக்கு அப்பாலும் பல நகரங்களிற் பரவினர். தமிழெழுத்து அறியாது வளரும் பிள்ளைகளும் அக்கூட்டங்களில் அமர்ந்து, வல்லெழுத்து மிக்க அப்பாடல்களை நாப்பிறழாது பாடுகின்றனர். அவர்தம் அமைப்பும் பிரீட்மனது முகாம் அமைப்பும் தம்முள் அறியாமலே ஒத்துள்ளமை வியப்பன்று. இரண்டிலும் கேட்போர் என ஒரு சாரார் தனியே இல்லை.

சமயம் வேறாயினும் நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015) இதே உண்மையை வேறு வகையாக விளக்குகின்றார். அவர்தம் மெட்டுகளிற் சில திரையிசைச் சாயல் உடையன. குரலோ ஒலிபெருக்கிக்கென்றே அமைந்தாற் போன்றது. தமிழ் முசுலிம் இல்லத் திருமணங்களில் அக்குரல் ஒலியாத இடம் அரிது. அரபுச் சொற்களைத் தாங்கி நின்றும் தமிழாகவே ஒலித்த அப்பாட்டுகள், முசுலிமாக இருத்தலும் தமிழராக இருத்தலும் ஒன்றையொன்று விலக்கா என்பதை எவ்விளக்கமும் இன்றி உணர்த்தின. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாட்டைப் பிற சமயத்தாரும் விரும்பிக் கேட்கின்றனர். தன்னவர்க்கு அடையாளமாகவும் பிறர்க்கு அழைப்பாகவும் ஒரே பாட்டு நிற்றல் கூடும் என்பதற்கு இது சான்று.

இனி இன்றைய இளையோர் பாட்டு. 2006ஆம் ஆண்டில் மலேசியத் தமிழராகிய யோகி பி குழுவினர் ‘வல்லவன்’ என்னும் ராப் பாட்டுத் தொகுதியை வெளியிட்டனர். பள்ளியிலும் கடையிலும் பிற மொழிகளைப் பேசிய இளைஞர், தமிழ் வெட்கத்துக்குரிய வீட்டுமொழி அன்று என்பதை அவ்வகைப் பாட்டால் உணர்ந்தனர். 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் வெளிவந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. நிலமற்ற உழைப்பாளரின் வரலாறும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வும் இப்பாட்டின் ஊற்று என அறிவு கூறியுள்ளார். ஒப்பாரியின் குரல் அதில் உண்டு. உலகெங்கும் பரவிய துள்ளலும் உண்டு.

இப்பாட்டிடத்தே எம் ஆய்வுப்பொருள் முழுமையும் அடங்கியுள்ளது. மோதிரமும் உளது, நினைவும் உளது. ஆயின் இரண்டும் ஒருங்கு சென்று சேர்ந்தனவா? திருமணக் கூடங்களிலும் பள்ளி விழாக்களிலும் இதற்கு ஆடிய சிறார், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் மலையகத் தமிழர் பலர் தாம் பிறந்த மண்ணினின்று பெயர்க்கப்பட்டதை அறிவரோ? ஒப்பாரி இன்னது என அறிவரோ? அறியாராயின் மோதிரம் மட்டுமே அவர் கைக்கு வந்தது. பாட்டை ஆக்கியவர் தம் கடனைச் செய்துவிட்டார். அதன் பின்னுள்ள நினைவை மொழிய வேண்டியவர் வேறு சிலர். இப்பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்பது பற்றி எழுந்த பூசலும் ஒன்றைக் காட்டுகின்றது. வணிகத்திற்குட்பட்ட இசையில் பாட்டுக்குப் பெயர் பெறுவோரும் பாட்டின் நினைவுக்கு உரியோரும் எளிதிற் பிரிந்துவிடுவர்.

தடையும் விடையும்

மெல்லிசையை வெறுப்போர் கூறும் தடை ஒன்று: எளிய மெட்டுப் புகுந்தால் அரிய மரபு அழியும் என்பது. போற்றுவோர் கூறும் விடை ஒன்று: இளைஞரை அடைய வேறு வழி இல்லை என்பது. இருவரும் மெட்டை மட்டுமே அளக்கின்றனர். மெட்டு எளிது என்பதனால் மரபு அழிந்ததற்கு மேற்கூறிய சான்றுகளில் ஒன்றும் இல்லை. கொச்சியில் அகன்றது மெட்டன்று, மொழி. மத்திசியாகுவிடத்து நிலையாது போனதும் மெட்டன்று, கோலம். மற்று, மெல்லிசை ஒன்றே போதும் என்றற்கும் சான்று இல்லை. முகாம் இல்லையேல் பிரீட்மன் இல்லை. கூட்டு வழிபாடு இல்லையேல் தில்லித் திருப்புகழ் இல்லை. திருமண வீடு இல்லையேல் ஹனிபாவின் குரலுக்கு இவ்வளவு உரிமை இல்லை. ‘வலுப்படுத்துமா’ என்னும் வினாவிலேயே விடையின் ஒருபாதி உளது. முன்னரே உள்ள ஒன்றையே வலுப்படுத்த இயலும். இல்லாததை மெல்லிசை உண்டாக்காது, உள்ளதைப் பெருக்கும்.

மற்றொரு தடையும் எழும். கூடிப் பாடுதலே வேண்டும் எனின், செவியில் ஒலிக்கருவி செருகித் தனியே கேட்கும் இன்றைய இளைஞர்க்கு இவ்வாய்வு என் செய்யும்? அத்தனிமையை யாமும் அறிவோம். எனினும் அதனுள்ளும் ஒரு வாயில் திறந்துள்ளது. எம் முதுகலை வகுப்பில் திருப்புகழ்ச் சந்தம் பயிற்றியபோது, யாப்பில் நாட்டம் குன்றிய மாணவர் ஒருவர், குழிப்பைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் மேசையில் தட்டிக் காட்டினார். எங்குக் கற்றீர் என வினவினோம். ராப் கேட்டுப் பழகியது என்றார். இது தற்செயலன்று. திருப்புகழ், குறிலும் நெடிலும் வல்லொற்றும் மெல்லொற்றும் ஒரே முறையில் மீண்டும் மீண்டும் வருமாறு சந்தக் குழிப்பால் அளக்கப்படுவது. அடியிறுதியில் தொங்கல் வந்து அவ்வோட்டத்தை நிறுத்தும். ராப் பாட்டும் இசையை விடச் சொல்லின் அசைவீழ்ச்சியை நம்பி நிற்பது. தாளத்தின் வட்டம் முடியுமிடத்து இயைபால் நிறுத்துவது. இரண்டும் ஒன்று என்பது எம் கருத்தன்று. ஒன்றில் தேறிய செவி மற்றதனைக் கற்றற்கு ஆயத்தமாக உளது என்பதே கருத்து. யாப்பிலக்கணம் கற்பிப்போர் இதனைப் பயன்கொள்ளாமை, வாயிலில் வந்து நிற்பாரைப் புறக்கடை வழியே வருக எனல் போலும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் ஒரு மெல்லிசைப் பாட்டை அளத்தற்குரிய வினாக்கள் மூன்று எனக் கொள்ளலாம். அது செவியோடு நின்றதா, வாய்க்கும் வந்ததா? அதனைப் பாடுவார் அதன் மொழியை அறிவரா, அறியும் வழியிலேனும் உளரா? அதன் பின்னுள்ள நினைவை எடுத்துரைப்பார் உளரா? மூன்றுக்கும் ஆம் எனின் அப்பாட்டு எந்நாட்டு மெட்டினதாயினும் அடையாளத்தை வலுப்படுத்தும். மூன்றுக்கும் இல்லை எனின், அது நம் கடவுளையே பாடினும், நம் மொழியையே புகழினும், ஒருபொழுது நெஞ்சு நிமிரச் செய்து பின் நீங்கும்.

இவற்றுள் முதலாவது, பாட்டமைப்போர் கையில் உளது. இரண்டாவது பெற்றோர் கையிலும் பள்ளியின் கையிலும் உளது. மூன்றாவது பெரும்பாலும் எம் போன்றோர் கையில் உளது. தீர்த்தமலையில் அவ்விளைஞர்க்கு அவர்தம் கைப்பேசிப் பாட்டு ஒரு குறையும் செய்யவில்லை. அவரை மலைக்கு அழைத்தும் வந்தது. குறை எம் பக்கத்தது. அருணகிரிநாதர் பாட்டு அச்சில் இருந்தது. எம் குறிப்பேட்டில் இருந்தது. பல ஆண்டுகளாகத் தேர்வுத்தாளிலும் இருந்தது. மலைப்படியில் மட்டும் இல்லை.

அன்று இராமதீர்த்தத்தருகே அமர்ந்து, எந்தப் படத்தில் என்று கேட்ட இளைஞர்க்கு அப்பாட்டைச் சொல்லிக் காட்டினோம். எமக்குப் பாடும் குரல் இல்லை. சந்தம் கெடாமல் சொல்ல மட்டுமே வரும். அவர் இரண்டாம் முறை சொல்லக் கேட்டார். மூன்றாம் முறை தொங்கல் வருமிடத்து எம்மோடு சேர்ந்து சொன்னார். பின்னர்க் கைப்பேசியை நீட்டி, மீண்டும் ஒருமுறை சொல்லுமாறு பதிவு செய்துகொண்டார்.